புதன்கிழமைத் தகப்பன்கள்

லிம்பானிக்குக் கோபம் வரக் கூடாது. கலுமா ஊரில் அவன் மாப்பிள்ளை. மாப்பிள்ளைக்குக் கோபம் வந்தால் அந்த ஊரில் அதற்குத் திமிர் என்று பெயர். கல்யாணமானவன் பெண்டாட்டி ஊருக்குப் போய்க் குடியேற வேண்டும், கூரை வேய வேண்டும், சோளம் விதைக்க வேண்டும், பிள்ளை கொடுக்க வேண்டும். பிறந்த பிறகு அது பெண் வீட்டுப் பிள்ளை. அதற்குக் காய்ச்சல் வந்தால் எந்தப் பக்கம் தூக்கிக்கொண்டு ஓடுவது என்று முடிவு செய்கிறவர் பெண்ணின் தாய்மாமன். பெற்றவன் முற்றத்தில் நின்று நகம் கடிக்கலாம், அதை யாரும் தடுக்க மாட்டார்கள்.

இதெல்லாம் தெரிந்துதான் லிம்பானி கல்யாணம் செய்துகொண்டான். லினெஸைப் பிடித்துப்போயிற்று. பிடித்துப்போன பிறகு மற்றது எந்த மடையன் கண்ணுக்குத் தெரியும்? அவனுக்குத் தெரியாமல் போனது ஒன்று உண்டு. லினெஸின் தாய்மாமன் கச்சாலெ ஒருவர் இல்லை, இரண்டு பேர்.

புதன்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு கச்சாலெ. பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பறையில் தகப்பன்மார் சங்கத்தின் தலைவராக நிற்பார். குழந்தைகளுக்காகச் செய்த பெஞ்சுகளில் முழங்கால் முகவாயில் இடிக்க இருபது ஆண்கள் உட்கார்ந்திருப்பார்கள். பெண்டாட்டிக்கு நாலு மாதம், ஏழு மாதம், சிலருக்குக் கைக்குழந்தை. தலைநகர் லிலோங்வேயிலிருந்து வந்த தொண்டு அமைப்புக்காரர்கள் கொடுத்த படங்களைச் சுவரில் மாட்டி, குச்சியால் தட்டித் தட்டிச் சொல்வார்.

"ஆபத்து அறிகுறி ஆறு. ஒண்ணு தெரிஞ்சாலும் போதும். யாரையும் கேக்காதே, எவனுக்கும் காத்திருக்காதே. சைக்கிள்ல ஏத்து, ஓடு. பொண்டாட்டி உசுரு உன் கையில இருக்கு. நீ தகப்பன்டா!"

ஆண்கள் கைதட்டுவார்கள். அமைப்புக்காரர்கள் ஊரில் மரியாதையான ஒருவரைக் காட்டச் சொல்லி ஊர்க்காரர்களைக் கேட்டபோது எல்லா விரலும் கச்சாலெயைத்தான் காட்டின. அவர் பெற்ற எட்டுப் பிள்ளைகள் எந்தெந்த ஊரில் வளர்கிறார்கள் என்று கேட்டால் அவருக்கே வரிசையாகச் சொல்ல வராது. அதை யாரும் கேட்கவில்லை.

வியாழன் முதல் செவ்வாய் வரை இன்னொரு கச்சாலெ. அவர் வெறும் தாய்மாமன்.

லிம்பானிக்கு அந்த வகுப்பு பிடித்திருந்தது, அதுதான் வேடிக்கை. சாராயக் கடை வாசலில் உட்கார்ந்திருப்பவர்கள் அவனைப் பார்த்தால் விடமாட்டார்கள்.

"மாப்ளே! உனக்கு இது எத்தனாவது மாசம்?"

"வாந்தி நின்னுச்சா, இல்ல புளிப்பு மாங்கா வேணுமா?"

அவன் சிரித்துக்கொண்டே போய்விடுவான். தண்ணீர்க் குடத்தை அவன் தலையில் வைத்துத் தூக்கிவந்த அன்று ஊரே வாய்விட்டுச் சிரித்தது. சிரிக்கட்டும் என்றிருந்தான். ஐந்தாம் மாதம் லினெஸின் வயிற்றில் கை வைத்தபோது உள்ளேயிருந்து ஓர் உதை விழுந்தது. அன்றுதான் அந்த ஊரில் தனக்கென்று ஒன்று இருக்கிறது என்று முதல்முறையாகத் தோன்றியது. அதை யாரிடம் சொல்வது? வகுப்பில் சொன்னான். சைக்கிளில் ஆள் ஏற்றிப் பிழைக்கும் வைசன் பக்கத்துப் பெஞ்சில் இருந்தான். "எனக்கும்தாண்ணே. நான் பயந்து கையை எடுத்துட்டேன்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அது நல்ல சிரிப்பு.

எட்டாம் மாதத்தில் ஒரு புதன்கிழமை. அன்று காலை பதினோரு மணிக்கு அமைப்பிலிருந்து விருந்தாளிகள் வருகிறார்கள், சங்கத்தைப் பார்க்க. ஒரு வாரமாக ஊர் பெருக்கப்பட்டது, ஓர் ஆடு அறுக்கப்பட்டது. விடிந்ததும் லினெஸ் எழுந்து உட்கார்ந்தாள். முகம் உப்பி, கண் இரண்டும் இடுங்கிப்போயிருந்தது.

"தலை பொளக்குது" என்றாள். "ராத்திரியே ஆரம்பிச்சிடுச்சு. உன்னை எழுப்பல."

"கண்ணு எப்படி இருக்கு? எதாவது மின்னுதா?"

"பூச்சி பூச்சியா பறக்குது. நீ எப்படிக் கண்டுபிடிச்சே?"

சுவரில் மாட்டிய படங்களில் முதல் மூன்றும் அவன் பாயிலேயே உட்கார்ந்திருந்தன. சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினான்.

கச்சாலெ பள்ளிக்கூட மைதானத்தில் நாற்காலி போடுவதை மேற்பார்த்துக்கொண்டிருந்தார். கோட்டு போட்டிருந்தார்.

"மாமா, லினெஸுக்கு முகமெல்லாம் வீங்கியிருக்கு. தலைவலி விடல. கண்ணு மின்னுதாம். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"போறேனா?" கச்சாலெ திரும்பினார். "போகட்டுமான்னு கேக்கணும், மாப்ளே."

"போகட்டுமா?"

"இன்னிக்கு என்ன நாள்? இன்னும் மூணு வருஷத்துக்குச் சங்கத்தை நடத்த விடுவாங்களா, மூடிட்டுப் போவாங்களான்னு இன்னிக்குத்தான் தெரியும். வகுப்புலயே நல்லாப் படிச்சவன் நீ. என் சொந்த மருமகளும் அவ புருஷனும் இல்லாம நான் யாரைக் காட்டுவேன்? தலைச்சன் புள்ளைக்கு வீக்கம் வரத்தான் செய்யும். அவ அம்மாகிட்டச் சொல்லி வேர்த் தண்ணி காய்ச்சிக் குடுக்கச் சொல்லு. கூட்டம் முடியட்டும், நானே அனுப்பி வைக்கிறேன்."

"மாமா, நீங்கதானே வகுப்புல..."

"வகுப்பு வேற, வீடு வேற." கச்சாலெ குரலைத் தாழ்த்தினார். "அப்புறம் இன்னொண்ணு. புருஷன் தப்புப் பண்ணினா பொண்டாட்டிக்கு இப்படி வரும்னு ஊருக்கே தெரியும். நீ எங்கயாவது வேலி தாண்டினியா? ஆஸ்பத்திரின்னு இப்படிக் குதிக்கிறியே, அதனால கேக்குறேன்."

லிம்பானிக்குக் காது மடல் வரை எரிந்தது. அந்தக் கோட்டின் கழுத்தைப் பிடித்திருக்க வேண்டும். அவன் பிடிக்கவில்லை.

நேராக வைசனிடம் போனான். மாவட்ட ஆஸ்பத்திரி இருபது கிலோமீட்டர். வைசன் சைக்கிளைத் துடைத்து, பின் இருக்கைக்குப் புதுத் துணி கட்டியிருந்தான், விருந்தாளிகளுக்குக் காட்ட.

"அண்ணே, உங்க மாமா ஒரு வார்த்தை சொல்லட்டும், பறந்திடுவேன். அவர் சொல்லாம நான் ஏத்தி, வழியில எதாவது ஆச்சுன்னா? சைக்கிளை எரிச்சிட்டு என்னையும் சேர்த்துப் போடுவாங்க. எனக்கும் வீட்ல புள்ள இருக்குண்ணே."

"ஆறு அறிகுறியும் உனக்கு மனப்பாடமாச்சேடா."

வைசன் சைக்கிள் மணியைத் துடைக்கத் தொடங்கினான்.

இங்கேதான் லிம்பானி தப்புச் செய்தான். பிறகு எத்தனை நாள் தலையில் அடித்துக்கொண்டாலும் அது அவன் செய்த தப்புத்தான். லினெஸைத் தோளில் தூக்கிப்போட்டுக்கொண்டு நடந்திருக்கலாம். பெரிய சாலைக்குப் போய் லாரியை மறித்திருக்கலாம். இரண்டு வீடு தள்ளி இருந்த மாப்பிள்ளை ஒருவன் போன மழைக்காலத்தில் மகனை மாமன் வார்த்தை இல்லாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனான். பையன் பிழைத்தான். மறுநாள் அவன் போர்வையைச் சுருட்டிக் கையில் கொடுத்து ஊரைவிட்டு அனுப்பிவிட்டார்கள். அந்தப் பையன் இப்போது வேறொருவனை அப்பா என்று கூப்பிடுகிறான். லிம்பானி அதை நினைத்தான். லினெஸையும் பிள்ளையையும் இழந்துவிடக் கூடாது என்று நினைத்தான். அதனால் காலை ஏழு மணியிலிருந்து பதினோரு மணி வரை அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஈரத்துணியால் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தான். நல்ல மாப்பிள்ளை.

லினெஸின் அம்மா நெலியா வேரைக் காய்ச்சிக் கொண்டுவந்தாள். மாப்பிள்ளையோடு மாமியார் நேருக்கு நேர் பேசுவது வழக்கமில்லை, இரண்டு வருடத்தில் அவள் அவனோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்றும் பேசவில்லை. கிண்ணத்தை மகளிடம் நீட்டினாள்.

ஜீப் வந்தது. பெண்கள் குலவையிட்டு, பாட்டுப் பாடினார்கள். லினெஸைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து முன்வரிசைப் பாயில் உட்கார வைத்தார்கள். கர்ப்பிணிகள் தெரிய வேண்டுமாம். ஜீப்பிலிருந்து அமைப்பின் அதிகாரி சிர்வா மேடம் இறங்கினார், கூட இரண்டு வெள்ளைச் சட்டைகள். கச்சாலெ பேசினார். அரை மணி நேரம் பேசினார். இந்த ஊர் ஆண்கள் மாறிவிட்டார்கள், அடுப்பங்கரைக்கும் போகிறார்கள், ஆஸ்பத்திரிக்கும் போகிறார்கள் என்றார். சிர்வா மேடம் குறிப்பெடுத்துக்கொண்டார்.

"இப்ப என் மாப்பிள்ளை ஆபத்து அறிகுறி ஆறையும் சொல்லுவான். எழுந்திரு, மாப்ளே!"

லிம்பானி எழுந்தான். விரலை நீட்டினான்.

"ஒண்ணு, முகம் வீங்கும். ரெண்டு, விடாத தலைவலி. மூணு, கண்ணு முன்னால மின்னும்."

கைதட்டல்.

"தட்டாதீங்க!" என்று கத்தினான். குலவை போட வாய் திறந்த பெண்கள் அப்படியே நின்றார்கள். "அந்த மூணும் என் பொண்டாட்டிக்கு இருக்கு. அதோ, முதல் பாயில. விடியக்காலையில இருந்து இருக்கு. நான் போய்க் கேட்டேன். இந்தத் தலைவர் விடல. கூட்டம் முடியட்டும்னாரு. வேர்த் தண்ணி குடுக்கச் சொன்னாரு. நான் எவகிட்டயாவது போனேனான்னு கேட்டாரு. இங்க உக்காந்திருக்கிற இருபது பேரும் இதே பாடத்தைப் படிச்சவங்கதான். ஒருத்தன் சைக்கிள் தரல. நானும் ஒரு மானங்கெட்டவன், உக்காந்திருந்தேன். மிச்சம் மூணு அறிகுறியை நீங்களே சொல்லிக்குங்க மாமா!"

"உக்காருடா!" என்றார் கச்சாலெ.

சிர்வா மேடம் அதற்குள் பாயருகே போய்விட்டார். லினெஸின் முகத்தைப் பார்த்தார், காலை அழுத்திப் பார்த்தார். "ஜீப்பைக் கிட்ட எடுங்க" என்றார். அவ்வளவுதான். லிம்பானியும் நெலியாவும் ஏறினார்கள். கச்சாலெ வரவில்லை. ஆட்டுக்கறி வெந்துகொண்டிருந்தது.

பாதி வழியில் லினெஸுக்கு வலிப்பு கண்டது.

ஆஸ்பத்திரியில் ஒரு தாளை நீட்டினார்கள். "அறுத்துத்தான் குழந்தையை எடுக்கணும். நீங்க யாரு?" என்று நர்ஸ் கேட்டாள்.

"குழந்தையோட அப்பா."

கையெழுத்துப் போட்டான். யாரும் அவனைத் தடுக்கவில்லை, யாரையாவது கேட்டாயா என்று கேட்கவில்லை. இவ்வளவு எளிதா என்று நினைத்தபோது அவனுக்கு அழுகையை விடக் கோபம்தான் முட்டிக்கொண்டு வந்தது. நாலு மணிக்கு மேல் அதே நர்ஸ் வெளியே வந்தாள். அம்மா பிழைத்துக்கொள்வாள் என்றாள். பெண் குழந்தை, மூச்சு இல்லை என்றாள்.

"தலைவலி எப்ப ஆரம்பிச்சது?"

"ராத்திரி. எனக்குக் காலையிலதான் தெரியும்."

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள்.

மறுநாள் காலை லினெஸ் இன்னும் மயக்கத்தில் கிடந்தாள். விடியலில் ஊரிலிருந்து வந்த அவள் தங்கை பக்கத்தில் இருந்தாள். நெலியா குழந்தையைப் பூப்போட்ட துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். லிம்பானியும் கூட ஊர் திரும்பினான். ஊர் எல்லையில் ஏழெட்டுப் பெண்கள் மண்வெட்டிகளோடு நின்றார்கள். மூச்சு விடாமல் பிறந்த குழந்தையைப் புதைப்பது பெண்கள் வேலை. பறை இல்லை, ஒப்பாரி இல்லை, ஆண்கள் யாரும் வருவதில்லை. பெற்றவன் வழக்கம்போலச் சோளக்காட்டுக்குப் போய்க் களை எடுக்க வேண்டும். அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று எல்லாரும் இருந்துவிட வேண்டும்.

கச்சாலெயும் நின்றுகொண்டிருந்தார். இன்று கோட்டு இல்லை.

"மாப்ளே, நீ வீட்டுக்குப் போ."

"நானும் வர்றேன்."

"அது இன்னும் மனுஷ ஜென்மமே ஆகல. ஆம்பிளை போற சாவு இல்ல இது. நேத்து எல்லாருக்கும் முன்னால என் மானத்தை வாங்கினே. அதுக்குத் தனியா பஞ்சாயத்து இருக்கு. போர்வையைச் சுருட்டி வச்சுக்க."

லிம்பானி ஒரு பெண்ணின் கையிலிருந்து மண்வெட்டியைப் பிடுங்கினான். கச்சாலெ ஓரடி பின்னால் போனார்.

"பயப்படாதீங்க மாமா, உங்களை ஒண்ணும் பண்ண மாட்டேன். உங்களுக்குக் குழி தோண்ட ஊரே வரும். என் மகளுக்கு நான் தோண்டுறேன். பன்னெண்டு வாரம் தகப்பன் தகப்பன்னு தொண்டை கிழியக் கத்தினீங்களே. வயித்துல இருக்கிறப்ப தகப்பன். தண்ணி தூக்குறப்ப தகப்பன். ஜீப்பு வர்றப்ப தகப்பன். ஆஸ்பத்திரிக்குப் போகணும்னா மட்டும் மாப்பிள்ளை. செத்தா அதுவும் இல்லையா? மனுஷ ஜென்மமே ஆகலையா? அவளை மனுஷ ஜென்மமாக விடாதது யாரு? அந்தப் பொட்டலத்தைப் பிரிச்சுப் பாருங்க. நகம் இருக்கு. நகம்!"

"வழக்கம்..."

"உங்க வழக்கத்துக்குப் புதன்கிழமை லீவா?"

மண்வெட்டிக்காரிகளில் மூத்தவள் குறுக்கே கையை நீட்டினாள். "வேணாம்யா. ஆம்பிளை காலடி பட்டா ஊருக்கு ஆகாது. எங்களைச் செய்ய விடு."

அப்போது நெலியா திரும்பினாள். முதலில் தம்பி கச்சாலெயைப் பார்த்தாள்.

"நேத்து உன் ஒரு வார்த்தைக்காக நானும்தான் உக்காந்திருந்தேன். வேரைக் காய்ச்சிக் குடுத்தேன். எனக்கு நாக்கு இல்லாமப் போச்சு. இனிமே நீ எனக்குச் சொல்லாதே." பிறகு மருமகனைப் பார்த்து, வழக்கத்தை உடைத்து, நேருக்கு நேராகச் சொன்னாள். "வாங்க. வெயில் ஏறுது."

துணியை அவன் கையில் கொடுத்தாள். பெண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். கச்சாலெ எதையோ சொல்லிக்கொண்டே இருந்தார். யார் காதிலும் விழவில்லை.

ஓடைக்கரையில் மண் கெட்டியாக இருந்தது. ஒரு கையில் குழந்தையோடு லிம்பானி தோண்டப் பார்த்தான், முடியவில்லை. பின்னால் சைக்கிள் சத்தம் கேட்டது. வைசன் இறங்கினான், அவனுக்குப் பின்னால் வகுப்பிலிருந்து இன்னும் இரண்டு பேர். கண்ணைப் பார்க்காமல் வைசன் கையை நீட்டினான். லிம்பானி அவனை மன்னிக்கவில்லை. மண்வெட்டியை மட்டும் கொடுத்தான். மூன்று பேரும் முறை வைத்துத் தோண்டினார்கள், பெண்கள் மண்ணை அள்ளிப் போட்டார்கள். குழியில் வைக்குமுன் லிம்பானி துணியை விலக்கி நன்றாகப் பார்த்தான். அவசரப்படவில்லை. அவனை அவசரப்படுத்த அன்று அங்கே யாருக்கும் தைரியம் இல்லை.

பிற்பகல் வார்டுக்குப் போனபோது லினெஸ் கண் திறந்திருந்தாள். தங்கை ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

"காலையிலயே நீ கண்டுபிடிச்சே" என்றாள். குரல் காய்ந்திருந்தது. "கண்ணு மின்னுதான்னு கேட்டே. உனக்குத் தெரியும். அப்புறம் ஏன் உக்காந்திருந்தே?"

"பயந்துட்டேன். உங்க மாமா என்னை அனுப்பிடுவாருன்னு. உன்னையும் புள்ளையையும் பிரிச்சிடுவாருன்னு."

"இப்ப?"

"இப்ப அனுப்பப் போறாரு."

அவள் அவனைத் திட்டினாள். கோழை என்றாள், மாமாவின் வால் என்றாள், வாயில் வந்ததையெல்லாம் சொன்னாள். தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். அவன் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான். அவை அவனுக்குச் சேர வேண்டியவைதான். மூச்சு வாங்கியபோது நிறுத்தினாள்.

"அனுப்பட்டும். என்னால நடக்க முடிஞ்சதும் நானும் வர்றேன்" என்றாள். "புள்ளையை என்கிட்டக் காட்டவே இல்ல. நீயும் பார்த்திருக்க மாட்டே."

"பார்த்தேன். நான்தான் புதைச்சேன்."

அவள் தலையைத் திருப்பினாள். "நீயா? விட்டாங்களா?"

"நெத்தி உன்னோடது. அகலமா. தலைமுடி இவ்வளவு இருந்துச்சு. காது பாவம், என்னோடது, விறைச்சுக்கிட்டு நிக்குது. கட்டைவிரலை உள்ள மடக்கி வச்சிருந்தா. நான் விரிச்சுப் பார்த்தேன், மறுபடியும் மடக்கிட்டேன்."

லினெஸ் வாயைத் திறந்தாள். வந்தது பேச்சு இல்லை. வார்டு முழுதும் திரும்பிப் பார்த்தது. பக்கத்துக் கட்டிலில் துணைக்கு இருந்த கிழவி, அப்படிப்பட்ட குழந்தைக்கு அழக் கூடாது, அடுத்தது தங்காது என்று முணுமுணுத்தாள். நர்ஸ் வேகமாக நடந்து வந்தாள்.

"மெதுவா, மெதுவா. மத்தவங்க தூங்குறாங்க. அவங்களைச் சத்தம் போடாம இருக்கச் சொல்லுங்க."

லிம்பானி எழுந்து கட்டிலுக்கும் நர்ஸுக்கும் நடுவில் நின்றான்.

"அழட்டும், சிஸ்டர். எங்க மக செத்துப்போயிட்டா."